தெய்வசிகாமணி தானே மாட்டிய அலாரம்

திலகமணியின் கடை கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு தையல் கடைக்கும் பேக்கரிக்கும் நடுவில் இருந்தது. வீடுகளுக்குத் திருட்டு அலாரம் மாட்டுவதும், மாட்டியதைப் பார்த்துக்கொள்வதும் அவள் தொழில். வயது முப்பத்தாறு. அவளிடம் கற்றுக்கொண்டவர்கள் சுற்றுவட்டத்தில் தனியாகக் கடை வைத்திருந்தார்கள்.

ஒரு நாள் காலையில் தெய்வசிகாமணி என்பவர் வந்து நின்றார். அவளைவிட இருபது வயது மூத்தவர். தேங்காய் மண்டி வைத்திருந்தவர். கடைக்குள் வந்ததும், பின்னால் யாராவது வருகிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எனக்கு இந்த வேலையைக் கத்துக் குடுக்கோணும் அம்மிணி."

"கடை வைக்கப் போறீங்களாங்ண்ணா?"

"இல்லீங்க. என்ற வீட்டுக்கு நானே மாட்டிக்கோணும்."

"நான் வந்து மாட்டிக் குடுத்தா ஆகாதுங்களா?"

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"ஆளை விட்டு மாட்டுனா, மாட்டுன ஆளுக்கு வீடு தெரிஞ்சு போயிருமே."

"தெரியுமுங்க."

"எந்தக் கதவு நோஞ்சான், பீரோ எங்க இருக்குது, யார் எப்ப வெளிய போவாங்க..."

"எல்லாந் தெரியும்."

"அப்ப உங்களை எப்படி நம்பறது?"

"நம்பச் சொல்லி நான் கேக்கவே இல்லீங்களே" என்றாள் திலகமணி. "இந்த டெஸ்டரைப் பிடிங்க. டீ குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

தெய்வசிகாமணிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனாலும் வித்தை கற்க வந்திருக்கிறோம் என்ற நினைப்பில், குனிந்து அவள் காலைத் தொடப் போனார்.

"ஐயோ, எந்திரிங்க. செருப்புல சேறு" என்று அவள் நகர்ந்துகொண்டாள்.

அன்று அவர்கள் போனது ஒரு புது வீடு. சுவரில் இன்னும் சுண்ணாம்பு வாசனை இருந்தது. தெய்வசிகாமணி பையைத் திறந்து டிரில்லிங் மெஷினை எடுத்து வைத்தார். திலகமணி அதைத் தொடவில்லை. வீட்டுக்கார அம்மாவிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். பிறகு, "எல்லாரும் தினமும் நடக்கிற மாதிரி ஒருதரம் நடந்து காட்டுங்க" என்றாள்.

வீட்டுக்காரம்மா அடுப்படியிலிருந்து கொல்லைக்குப் போனார். பெரியவர் கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போனார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று ஃபிரிட்ஜைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தது. திலகமணி தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

"திருடன் வர்ற வழியைப் பார்க்காம, இவங்க நடக்கிற வழியை எதுக்குப் பார்க்கறீங்க?" என்று தெய்வசிகாமணி கேட்டார்.

"திருடன் ஒரு நாள் வருவான். வராமலும் போவான். இவங்க தினமும் நடப்பாங்க."

"சரி. அதுக்கு?"

"அலாரம் இவங்களோட குடியிருக்கணுமுல்லங்க."

அவர் தலையாட்டினார். புரிந்தவர் ஆட்டுவதைவிடக் கொஞ்சம் வேகமாக ஆட்டினார்.

சாயங்காலத்துக்குள் தெய்வசிகாமணி ஒரு கட்டு ஒயரைச் சீவி முடித்திருந்தார். திரும்பி வரும்போது பேக்கரியில் நின்றார்கள். தெய்வசிகாமணி பஜ்ஜியைப் பிய்த்து, உள்ளே இருப்பது வாழைக்காய்தானா என்று பார்த்துவிட்டுச் சாப்பிட்டார்.

"வீட்டுல யாரெல்லாமுங்க?" என்று திலகமணி கேட்டாள்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"பேச்சுக்குத்தானுங்க."

"சம்சாரம் போய் மூணு வருசமாச்சு. மக ஓசூர்ல. இப்ப நானும் என்ற அக்காளும்."

"என்னங்க காணாமப் போச்சு?"

பஜ்ஜி பாதி வாயில் நின்றது. "காணாமப் போச்சுன்னு நான் சொல்லவே இல்லியே. உங்களுக்கு யார் சொன்னது?"

"இந்த வயசுல ஒருத்தர் ஒரே நாள்ல அத்தனை ஒயர் சீவக் கத்துக்கறாருன்னா, வீட்டுல ஏதோ காணோமுன்னுதான் அர்த்தம்."

அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அவர் மனைவியின் கெம்புத் தோடு. பேத்தி காது குத்துக்கு என்று எடுத்து வைத்தது. தை மாதம் விசேஷம். பீரோவில் பட்டுப்புடவை மடிப்புக்குள் இருந்தது, இப்போது இல்லை. மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

"எப்ப இருந்து காணோமுங்க?"

"ஆடி முடிஞ்சு அக்கா வந்தா. மாமா போன பிறகு அங்க பார்த்துக்க ஆளில்ல. அதுக்குப் பொறவு ஒரு நாள் பார்த்தேன். இல்ல."

"யார் மேலயாவது சந்தேகமுங்களா?"

"சே சே. யார் மேலயும் இல்லீங்க."

கேள்வி முடிவதற்குள் அந்தப் பதில் வந்துவிட்டது. திலகமணி காலி டம்ளரைத் திருப்பி வைத்தாள்.

"நான் தொழில் ஆரம்பிச்ச புதுசுல ஒரு வீட்டுக்குப் போனேன்" என்றாள். "அந்த வீட்டு ஐயா நாற்காலி போட்டு என் பக்கத்திலேயே உக்காந்துட்டாரு. காலையில இருந்து பொழுது சாயிற வரைக்கும் என் கையை விட்டுக் கண்ணை எடுக்கல. எதையாவது எடுத்துருவனோன்னு. வேலை முடிஞ்சுது. 'ஐயா, எந்த ஒயர் எங்க போகுதுன்னு பார்த்துக்கிட்டீங்களா?'ன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'ஒயரா? அதை எங்க பார்த்தேன் அம்மிணி'னாரு."

தெய்வசிகாமணி சிரித்தார். "விவரமில்லாத ஆளு" என்றார்.

திலகமணியும் சிரித்தாள்.

பிறகு சில வாரங்கள் அவர் தினமும் வந்தார். சைரனுக்குள் எறும்பு கூடு கட்டும், சென்சார் கண்ணாடியில் சிலந்தி குடியேறும், பல்லி அதன் மேலேயே படுத்துத் தூங்கும் என்பதையெல்லாம் பார்த்தார். திலகமணி தலைக்கு டை அடிக்கிற பழைய பிரஷ் ஒன்றை வைத்து அதையெல்லாம் தட்டிவிடுவாள். பேட்டரியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் போடுவாள்.

"மாட்டறதோட வேலை முடியலீங்களா?"

"மாட்டறது ஒரு நாள் கூத்து. பல்லி தினமும் வரும்."

ஒரு நாள், "போதும் அம்மிணி. கை பழகிருச்சு" என்று சொல்லி, தனக்குத் தேவையான சாமான்களை எல்லாம் வாங்கிக்கொண்டு அவர் புறப்பட்டார். வாங்கியதை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி பைக்குள் போட்டார்.

"மாட்டி முடிச்சிட்டுக் கூப்பிடுங்க. ஒருதரம் வந்து பார்க்கறேன்" என்றாள் திலகமணி.

"தேவைப்படாதுங்க" என்றார் அவர்.

தீபாவளிக்கு முன்னால் அவரே வந்தார். முகம் கறுத்திருந்தது.

"நீங்க குடுத்த மெஷின் சரியில்ல."

"என்ன பண்ணுதுங்க?"

"நான் சந்தைக்குப் போனா அடிக்குது. பேங்க்குக்குப் போனா அடிக்குது. பக்கத்து வீட்டுக்காரங்க போன் மேல போன் போடறாங்க. விழுந்தடிச்சு ஓடியாந்தா, ஒரு ஈ காக்கா இல்ல."

"வீட்டுல யாருமே இருக்கறதில்லீங்களா?"

"அக்கா மட்டும் நிக்கறா."

"எங்க?"

"நடையில. கையில தண்ணிச் சொம்போட. இல்ல துவைச்ச துணியோட."

திலகமணி அவரைப் பார்த்தாள். அவர் கடையின் கூரையைப் பார்த்தார்.

"பல்லியா இருக்குமோ?" என்றார்.

"வந்து பார்க்கறேன்" என்று அவள் ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

வீடு வாய்க்கால் ஓரத்தில் இருந்தது. முன்னால் வெராண்டா, அடுத்து ஒரு ஹால். ஹாலின் வலது பக்கம் அடுப்படி, அதிலிருந்து கொல்லைக்கு ஒரு கதவு. இடது பக்கம் நீளமாக ஒரு நடை. நடையில் முதலில் பீரோ இருக்கிற அறை. கடைசியில் அக்கா நாச்சம்மாளின் அறை. அந்த அறையிலிருந்து எங்கே போவதென்றாலும் நடையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

திலகமணி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். வேலை சுத்தமாக இருந்தது. ஒயர் நூல் பிடித்த மாதிரி போயிருந்தது. நடையின் மூலையில், ஆள் அசைந்தால் கண்டுபிடிக்கிற சென்சார். பீரோ அறைக் கதவில், திறந்தால் கண்டுபிடிக்கிற காந்தம். பீரோவிலேயே இன்னொன்று. அக்காவின் அறை வாசலுக்கு எதிரில், சற்றுத் தாழ்வாக, மற்றொரு சென்சார். அறைக்குள் தரை கூட்டுகிற சத்தம் கேட்டது.

"முன் கதவுல ஒண்ணும் காணமே."

"அதுக்குத்தான் பூட்டு இருக்குதே."

"கொல்லைக் கதவு?"

"தாழ்ப்பாள் இருக்குது."

"ஜன்னல்?"

"கம்பி இருக்குதுங்க அம்மிணி. மெஷினைப் பாருங்கன்னா கதவைப் பார்க்கறீங்களே."

"சரிங்க. அலாரத்தைப் போட்டு விடுங்க. நான்தான் திருடின்னு வச்சுக்கங்க. வெளிய போய் உள்ள வர்றேன்."

தெய்வசிகாமணிக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஹால் சுவரில், அலாரத்தைப் போடவும் நிறுத்தவும் எண் அமுக்குகிற நம்பர் பலகைக்குப் போனார். தன் முதுகால் அதை மறைத்துக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி அமுக்கினார். வெராண்டாவுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். திலகமணி கேட்டைத் தாண்டி வெளியே போனாள்.

அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். தெருவில் கீரைக்காரி போனாள். வாய்க்காலில் யாரோ துணி துவைத்தார்கள். அலாரம் அடிக்கவில்லை.

"என்ன அம்மிணி, இன்னும் உள்ள வரலியா?" என்று வீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"வந்துட்டுப் போயிட்டனுங்கண்ணா" என்று கேட்டின் பக்கமிருந்து குரல் வந்தது.

திரும்பினார். திலகமணி ஒரு கையில் அவர் வீட்டுக் குக்கரோடு நின்றுகொண்டிருந்தாள். மூடியைத் திறந்து பார்த்து, "தட்டப்பயிறு குழம்பா?" என்றாள்.

"எப்படி வந்தீங்க?"

"கொல்லைக் கதவு. தாழ்ப்பாள் போட்டிருக்கலீங்க."

தெய்வசிகாமணி வாயைத் திறந்தார். அதற்குள் வீட்டுக்குள்ளே அலாரம் அலறியது.

அவர் எழுந்து ஓடினார். திலகமணி குக்கரோடு பின்னால் போனாள். நடையில் நாச்சம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வெளுத்த நூல் சேலை. தோளில் ஒரு துணிப்பை, கையில் கயிறு கட்டிய பெட்டி.

"பாருங்க, பாருங்க. மறுபடியும் பார்த்தீங்களா!" என்று தெய்வசிகாமணி சைரனுக்கு மேல் கத்தினார். யாரைப் பார்க்கச் சொன்னார் என்று தெரியவில்லை.

நாச்சம்மாள் பெட்டியைக் கீழே வைத்தாள். ஹாலுக்கு வந்தாள். தம்பியைத் தாண்டிப் போய், நம்பர் பலகையில் நிதானமாக நாலு எண்ணை அமுக்கினாள்.

சத்தம் நின்றது.

வெளியே வாய்க்காலில் துணி துவைக்கிற சத்தம் திரும்பவும் கேட்டது.

தெய்வசிகாமணி திலகமணியின் பக்கம் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "தெரிஞ்சுதுங்களா? நம்பர் அவளுக்குத் தெரிஞ்சிருக்குது. நான் யாருக்குமே சொல்லல. ஓசூர்ல இருக்கற என்ற மகளுக்குக்கூடச் சொல்லல. இத்தனை நாளா பீரோவை..."

"அக்கா" என்றாள் திலகமணி. "நம்பர் உங்களுக்கு எப்ப இருந்து தெரியுமுங்க?"

"மாட்டுன அன்னைக்கே தெரியுஞ் சாமி."

"யார் சொன்னது?" என்று தெய்வசிகாமணி பாய்ந்தார்.

"நீதான். ஒவ்வொரு நம்பரா வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் அமுக்கறே. மூணாங் கிளாஸ்ல வாய்ப்பாடு படிக்கறப்பவும் அப்படித்தான். ஊருக்கே கேக்கும்."

திலகமணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"தெரிஞ்சுமா இத்தனை நாளா அடிக்க விட்டே? தண்ணி குடிக்கப் போனா அடிக்குது. துணி காயப் போடப் போனா அடிக்குது. ஒரு தடவை அமுக்கியிருந்தா நின்னிருக்குமே!"

"நின்னிருக்கும்."

"அப்பொறம்?"

"நின்னுதுன்னா, நான்தான் நிறுத்திட்டுப் பீரோவைத் திறந்தேன்னு சொல்லுவே. அடிச்சா ஓடி வந்து பார்ப்பே. கையில என்ன இருக்குதுன்னு பார்ப்பே. வெறுஞ்சொம்புதான்னு தெரிஞ்சா உனக்கு ஒரு நிம்மதி. அடிக்கட்டும்னு விட்டேன்."

தெய்வசிகாமணி நம்பர் பலகையைப் பார்த்தார்.

"இன்னைக்கு மட்டும் எதுக்கு நிறுத்துனே?"

"இன்னைக்கு நான் ஊருக்குப் போறேன். இனி அது யாருக்காக அடிக்கோணும்?"

"எந்த ஊருக்கு?"

"வெள்ளகோயிலுக்கு. அவரோட அண்ணன் மகன் ஊடு. கொட்டாய்ல ஒரு கட்டில் போட எடம் இருக்குதாம். ஆட்டோவுக்குச் சொல்லியிருக்கறேன்."

அவள் பெட்டியை எடுத்துக்கொண்டாள். திலகமணியின் கையில் இருந்த குக்கரைப் பார்த்தாள்.

"பயிறு நல்லா வெந்திருக்கும் சாமி. சோறும் இருக்குது. நீயும் ஒரு வாய் சாப்பிட்டுப் போ. இவனுக்கு மத்தியானம் எடுத்துப் போட்டுட்டுத் தின்னத் தெரியாது."

வெராண்டாவுக்குப் போய், கேட்டைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

தெய்வசிகாமணி நடைக்குள் போனார். அக்காவின் அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். பாய் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கூட்டித் துடைத்த தரை இன்னும் ஈரமாக இருந்தது. வாசலுக்கு எதிரே சுவரில் இருந்த சென்சார், அவர் அசைந்ததும் சின்னதாகச் சிவப்பு விளக்கைக் காட்டியது.

அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டு ஹாலுக்கு வந்தார். பிறகு, "பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லட்டுங்களா?" என்று கேட்டார்.

திலகமணி குக்கரை அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள்.

"ஒருதரம் பார்த்துட்டா சந்தேகம் தீர்ந்துருமில்லீங்களா?" என்றார் அவர் மறுபடியும்.

"பெட்டியில இல்லீன்னா?"

"பையில பார்க்கலாம்."

"பையிலயும் இல்லீன்னா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"இதையெல்லாம் கழட்டிருங்க அம்மிணி" என்றார். "இப்பவே. ஆட்டோ வர்றதுக்குள்ள."

"நான் மாட்டலீங்களே."

"தொழில் உங்களுதுதானே. உங்களுக்கு இது அஞ்சு நிமிச வேலை."

"மாட்டணும்னா நாங்க வருவோம். பல்லி முட்டை துடைக்க வருவோம். பேட்டரி மாத்த வருவோம்" என்றாள் திலகமணி. "இதுக்கு ஆள் வராதுங்கண்ணா. நீங்களேதான்."

அவர் அடுப்படியிலிருந்து ஸ்டூலைத் தூக்கி வந்தார். நடை மூலையில் இருந்த சென்சாருக்குக் கீழே அதைப் போட்டு, ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு ஏறினார். ஸ்டூல் ஆடியது. திலகமணி அதைப் பிடித்துக்கொண்டாள்.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஹார்ன் அடித்தது. "இருங்க தம்பி, வாறேன்" என்ற நாச்சம்மாளின் குரல் கேட்டது.

தெய்வசிகாமணியின் கை ஸ்க்ரூவுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. திரும்பாமலேயே பேசினார்.

"தோடு இன்னும் கெடைக்கல."

"ஆமாங்க."

"இதைக் கழட்டிப் போட்டு, அக்காளையும் இருன்னு சொல்லி வெச்சு, நாளைக்கு அவதான் எடுத்தான்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சா ரெண்டு நாள் சண்டை போடுவீங்க. அது சுலபமுங்க" என்றாள் திலகமணி. "கடைசி வரைக்கும் ஒண்ணுமே தெரியாமப் போயிட்டா? அப்பவும் அவங்களுக்கு எதிர்ல உக்காந்து, அவங்க போடற சோத்தைத் திங்க முடியுமான்னு யோசிச்சுட்டுக் கழட்டுங்க."

ஆட்டோக்காரர் இன்னொரு தரம் ஹார்ன் அடித்தார்.

தெய்வசிகாமணி ஸ்க்ரூ டிரைவரை முதல் ஸ்க்ரூவில் வைத்துத் திருகினார்.